திருப்பி எடுத்துக்கொண்ட ஜெபம்

கம்பெனி வேன் தாம்பரத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு திருநீர்மலை ரோட்டில் திரும்பியதும் அவர் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவார். கண்ணை மூடி முணுமுணுப்பதெல்லாம் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே வேடிக்கை பார்த்தபடியே, அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் சத்தமாகப் பேசுவார்.

"யப்பா, இன்னிக்கு லோடு ஜாஸ்தி கீது. முட்டி வேற காலைலேர்ந்து வலிச்சிகினே கீது. ஓவர்டைம் போட்டாங்கன்னா என்னால ஆவாது, பாத்துக்கோ. அப்பால, நேத்து பொண்ணாண்ட கத்திட்டேன். தப்பு என்னுதுதான். ஆனா அவ பேசினதும் தப்புதான். ரெண்டையும் கேட்டுக்கோ."

வேனில் வரும் பெண்கள் சிரிப்பார்கள்.

"இன்னாக்கா, சாமியாண்ட இப்டித்தான் பேசுவாங்களா? உங்க பாஸ்டர் எவ்ளோ அழகா பேசறாரு, மைக்குல கேக்குதே."

"அவரு படிச்சவரு, அவருக்கு வருது. நான் அந்த மாரி பேசினா, யாரு இது புதுசான்னு சாமியே திரும்பிப் பாப்பாரு. உள்ளத சொல்ட்டுப் போவணும். அவராண்ட பொய் சொல்லி இன்னா ஆவப் போவுது?"

இந்தக் கடைசி வாக்கியம் அடிக்கடி வரும். அது வரும்போதெல்லாம், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளில் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். தகரக் கூரை போட்ட ஷெட், ஏழு பவர் பிரஸ், முப்பது பேர். இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, வண்டிக் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன பிராக்கெட்டுகள் செய்து கொடுப்போம். அவர் இரும்புலியூரிலிருந்து வருவார். ஷெட்டில் எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கு மட்டும் 'ஏம்மா'. ஏறக்குறைய என் வயதுதான். அப்போதெல்லாம் அவரை நான் ஒருமையில்தான் கூப்பிட்டேன்.

அவருடைய வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் இருந்தது.

அதை அவர் மறைக்கமாட்டார். முந்தானைக்குள் இழுத்துக்கொள்வதும் இல்லை, எடுத்துக் காட்டுவதும் இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் மேஜைமேல் கை பாட்டுக்குக் கிடக்கும். இடது கையால் பிராக்கெட்டை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பிசிறு இருந்தால் ஒரு பக்கமும் இல்லையென்றால் மறுபக்கமும் போடுவார். வேலைக்குப் புதிதாக வந்த பெண்கள் அந்தக் கையைப் பார்ப்பதா வேண்டாமா என்று தவிப்பார்கள். "நல்லா பாத்துக்கோ. ஒரு தபா நல்லா பாத்துட்டா அப்பால பயம் இருக்காது" என்பார். மதியம் சாப்பாட்டு டப்பாவை இரண்டு முட்டிக்கும் நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டு மூடியைத் திருகுவார். வரவில்லை என்றால் வீம்பு கிடையாது. "எனக்கு வரல. தொறந்து குடு" என்று பக்கத்தில் இருப்பவளிடம் நீட்டிவிடுவார்.

ஒருமுறை முதலாளி யாரோ இரண்டு பெரிய மனிதர்களை ஷெட்டைச் சுற்றிக்காட்ட அழைத்து வந்தார். இன்ஸ்பெக்‌ஷன் மேஜையருகே நின்று, "இவங்களுக்கு ஒரு ஆக்சிடென்ட்ல கை போயிடுச்சு. நாம கைவிடல. பாருங்க, எவ்வளவு சந்தோஷமா வேலை செய்யறாங்க" என்றார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சந்தோசம்லாம் இல்ல சார். மழ வந்தா இல்லாத வெரலு நாலும் வலிக்கும். வேல கீது, செய்றேன்."

வந்தவர்கள் எதற்கோ சிரித்தார்கள். முதலாளி என்னை முறைத்தார். நான்தான் அவரைப் பேசவைத்தேன் என்பதுபோல.

அவர் மரியாதை இல்லாமல் பேசவில்லை. அவருக்கு அப்படித்தான் பேசத் தெரியும். இருப்பதைக் கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அப்படிப்பட்ட ஒருவருக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால், அந்த நான்கு விரல்கள் எப்படிப் போயின என்பதைச் சொல்ல வேண்டும்.

அவர் அப்போது மூன்றாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். தகட்டை டை என்கிற அச்சின்மேல் வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி வெட்டும். கை உள்ளே போகாமலிருக்க முன்னால் கம்பி வலை போட்ட தடுப்பு ஒன்று உண்டு. கார்டு என்போம். கார்டு இருந்தால் இடுக்கியால்தான் தகட்டை உள்ளே தள்ள முடியும். வேலை மெதுவாக நடக்கும். அந்த வாரம் ஓர் அவசர ஆர்டர். சனிக்கிழமைக்குள் சரக்கு போயாக வேண்டும் என்று முதலாளி போனில் கத்தினார். எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நேராகப் போய் ஸ்பானரை எடுத்து நான்கு போல்ட்டையும் கழற்றி, கார்டை என் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். என் கையால்தான். "ரெண்டு நாள்தான், பாத்து ஓட்டு" என்றேன்.

அந்த மெஷினுக்கு ஒரு கோளாறு இருந்தது. எப்போதாவது, ஒருமுறை மிதித்தால் இரண்டு முறை இறங்கிவிடும். அது எனக்குத் தெரியும். இரண்டாம் நாள் காலை டீக்குக் கொஞ்சம் முன்னால் அது இரண்டு முறை இறங்கியது.

அவரை வேனில் ஏற்றி அனுப்பிய பிறகு நான் செய்த முதல் காரியத்தைச் சொல்கிறேன். அலமாரியைத் திறந்து கார்டை எடுத்து வந்து பழைய இடத்தில் மாட்டினேன். மெஷினைக்கூட அதற்குப் பிறகுதான் துடைத்தார்கள். மாட்டி முடித்து, நான்கு போல்ட்டில் ஒன்றை மட்டும் தளர்த்திவைத்தேன். சாயங்காலம் விபத்து ரிப்போர்ட்டை எழுதினேன். ஆபரேட்டர் தானாகவே கார்டைத் தளர்த்திவிட்டுக் கவனக்குறைவாக வேலை செய்ததால் விபத்து நேர்ந்தது என்று எழுதினேன். முதலாளி படித்துப் பார்த்து, "கையெழுத்து வாங்கிட்டு வந்துடு" என்றார்.

நான்காம் நாள் சாத்துக்குடியும் பிஸ்கட்டும் அந்தக் காகிதமுமாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையைச் சுற்றி வெள்ளைத் துணிப் பொட்டலம்போலக் கட்டுப் போட்டிருந்தார்கள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"வெரலு இல்லன்றாங்க சார். ஆனா வெரலுதான் வலிக்குது" என்றார். பிறகு, "செத்துட்டா தேவலாம்னு கீது" என்றார்.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. கம்பெனி உன்னை விட்டுடாது. இதுல ஒரு கையெழுத்துப் போடு, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

இடது கையால் பேனாவைப் பிடிக்க வரவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போடவைத்தேன். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மருந்துச் சீட்டு வாங்கும் வரிசையில் யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். அந்த டீயைக் குடித்ததைத்தான் இன்று வரைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் எழுதிய அந்த ஒரு வார்த்தை, கவனக்குறைவு, அவர் வீட்டுக்கு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. ரிப்போர்ட்டின் நகல் ஒன்று வீட்டுக்கும் போனது. கணவர் படித்தார். தெருவில், சொந்தக்காரர் வீட்டில், சர்ச் வாசலில் எல்லா இடத்திலும், "கவனமில்லாம கைய வுட்டுட்டு வந்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வருடம் கழித்துச் செங்கல்பட்டுப் பக்கம் வேறொரு பெண்ணோடு போய்விட்டார். ஒரே மகள், பத்து பதினொரு வயது. அந்தப் பெண்ணுக்கு விளங்கிய கணக்கு சுலபமானது. அம்மா கவனமாக இருந்திருந்தால் கை இருந்திருக்கும். கை இருந்திருந்தால் அப்பா இருந்திருப்பார்.

முதலாளி இரக்கப்பட்டு அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேஜையைக் கொடுத்தார். இரக்கம் என்றுதான் ஷெட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அவர் பிறப்பால் கிறிஸ்தவர். ஆனால் விபத்துக்கு முன்னால் அவர் ஜெபம் பண்ணி யாரும் கேட்டதில்லை. கிறிஸ்துமஸுக்குப் புதுப்புடவை, ஈஸ்டருக்குச் சர்ச், அவ்வளவுதான். அது எப்படி மாறியது என்று ஒரு மத்தியானம் கரண்ட் போன நேரத்தில் அவர் சொன்னார். மெஷின்கள் நின்றுபோய் ஷெட்டே அமைதியாக இருந்தது. பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் என் மேஜையில் ஏதோ எழுதுவதுபோல் இருந்தேன்.

"ஆஸ்பத்திரில மொத பத்து நாளு திட்டிகினே இருந்தேன். நீ இல்லவே இல்ல, இருந்தா இப்டிப் பண்ணுவியான்னு. வாயி கூசாம திட்டினேன். பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா, ஸ்டவ்வு வெடிச்சு நெஞ்சு கழுத்தெல்லாம் வெந்து போயி கெடந்தாங்க. திரும்பிக்கூட படுக்க முடியாது. ஒரு நாளு மத்தியானம் ஆயா யாரும் இல்ல. 'தண்ணி, தண்ணி'ன்றாங்க. எனக்குக் கோவமா வந்துச்சு. என்னாண்ட கையே இல்ல, என்னக் கேக்கறியேன்னு. ஆனா அவங்க கேக்கறத நிறுத்தல. எழுந்து போயி இந்த எடது கையால டம்ளர எடுத்தேன். நடுங்கிச்சு. பாதி அவங்க கழுத்துலயே ஊத்திட்டேன். வெந்த எடம், எப்டி எரிஞ்சிருக்கும்? ஆனா அந்தம்மா குடிச்சுட்டு, 'நல்லாயிரு'ன்னாங்க."

"அப்பால?"

"அப்பால இன்னா? ரெண்டு நாள்ல அவங்க போய்ட்டாங்க. எனக்கு வெளிச்சமும் தெரியல, கொரலும் கேக்கல. ஆனா அன்னிக்கு என் கட்டில்ல வந்து குந்தினப்ப ஒன்னு தெரிஞ்சுது. பத்து நாளா நான் செவுத்தப் பாத்துத் திட்டல. யாரோ கேட்டுகினு இருந்திருக்காங்க. கேக்கற ஆளு இல்லாம இவ்ளோ நாளு திட்ட முடியுமா? அப்ப பேசிப் பாக்கலாம்னு ஆரம்பிச்சேன். இன்னிக்கு வரிக்கும் பேசிகினு கீறேன்."

ஒருத்தி கேட்டாள்: "உன் கையி எப்டிப் போச்சுன்னு கேட்டியாக்கா அவராண்ட?"

"அது எனக்கே தெரியுமே. அவர எதுக்குக் கேக்கணும்?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. என் பேனா நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. 

அவருக்குத் தெரிந்திருக்குமோ என்ற பயம் அன்று முதல் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. கார்டைக் கழற்றியபோது அவர் பக்கத்தில்தான் இருந்தார், தெரியாமல் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். கழற்றியது தெரியும். ரிப்போர்ட்டில் கார்டைப் பற்றி என்ன எழுதினேன் என்பது தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். தனக்குப் படிக்கத் தெரியாது என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளினேன்.

விபத்து நடந்து நான்கு வருடம் கழித்து எனக்கு ஒரு விபத்து நடந்தது. மழையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி, வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பட்டப்பகலில், வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல்முறை. முகம் வெளிறிக் கிடந்தது. என் கட்டைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் மனைவி நெகிழ்ந்துபோனாள். "பாருங்க, அவங்களுக்கு இருக்கற கஷ்டத்துல உங்களைப் பாக்க வந்திருக்காங்க. உக்காருங்கம்மா, காபி போட்டுட்டு வரேன்" என்று உள்ளே போனாள்.

அவள் போகும்வரை காத்திருந்தவர்போல அவர் சட்டென்று பேச ஆரம்பித்தார்.

"சார், நான் ஒரு தப்பு பண்ட்டேன். சொல்ட்டுப் போவலாம்னு வந்தேன். நாலு வருசமா தெனம் உங்களுக்கோசரம் ஜெபம் பண்ணேன். நல்லதுக்கு இல்ல. உங்க வலது கையி போவணும்னு கேட்டேன்."

நான் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"அந்தப் பேப்பர என் தம்பி படிச்சு சொன்னான் சார். நான் கழட்டினேன்னு எழுதிக்கீதுன்னான். அன்னிலேர்ந்து கேட்டேன். வேன்ல சத்தமா கேக்க மாட்டேன், இத மட்டும் வூட்ல கேப்பேன். மொதல்ல சாமி கீதுன்னு நான் நம்பினதே அதுக்குத்தான்னு வெச்சுக்கங்களேன். முந்தாநேத்து வேன்ல சொன்னாங்க, சார் கையி ஒடஞ்சுட்ச்சுன்னு. சந்தோசமா இருந்துச்சு. பொய் சொல்லல, மெய்யாலுமே சந்தோசம். ஒரு நிமிசம் இருக்கும். அப்பால பயம் வந்துட்ச்சு. கேக்கற ஆளு கீதுன்னு தெரிஞ்சப்புறம் கண்டதயும் கேட்டுகினு இருக்கலாமா? உங்களுக்கும் பொண்டாட்டி, புள்ள கீது. நைட்டு முழுக்க சொன்னேன், யப்பா, நான் கேட்டத திருப்பி எடுத்துக்கறேன், அவர் கையி நல்லாவணும்னு. சாமியாண்ட சொல்ட்டேன். உங்களாண்டயும் சொல்லணும்ல. மன்னிச்சுடுங்க சார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவால்லம்மா, விடு" என்றேன்.

அவருடைய விரல்களை எடுத்தவன் நான். அவருடைய பெயரைக் கெடுத்தவன் நான். அவர் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், நான் பெரிய மனதோடு மன்னிக்கிறேன். அவர் உடனே எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எதற்குக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வார்த்தை போதும். உள்ளே டவரா சத்தம் கேட்டது. மனைவி வந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். வந்துவிட்டாள். அவர் காபியைக் குடித்துவிட்டு, என் மனைவியிடம் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன சொன்னாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. எனக்காக ஜெபம் பண்றாங்களாம்" என்றேன்.

மறுபடி வேலைக்குப் போனபோது வேனில் அவர் சத்தமாகவே ஜெபம் பண்ணினார். "யப்பா, சார் கையி இன்னும் சரியா மடங்க மாட்டேன்னுது. பாத்து செய்." மற்ற பெண்களும் ஆமென் என்றார்கள். அடுத்த மாதத்திலிருந்து நான் வேனில் போவதை விட்டுவிட்டேன். கை சரியாகச் சேர்வதற்கு முன்னாலேயே ஸ்கூட்டரில் போக ஆரம்பித்தேன். வேனில் இடுப்பு வலிக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

இதற்குப் பிறகும் மூன்று வருடம் ஓடியது. அந்த மூன்று வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், எந்த அவசரத்துக்கும் எந்த மெஷினிலிருந்தும் கார்டைக் கழற்ற விடாததுதான். அதையே பெரிய பரிகாரமாக நினைத்துக்கொண்டு திரிந்தேன். அவர் மாறவில்லை. முட்டி வலியைச் சொல்வார், மகளோடு நடந்த சண்டையைச் சொல்வார். ஆனால் ஷெட்டில் யாருக்காவது பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார் என்றால் முதலில் அவர் மேஜைக்குத்தான் வருவார்கள். அவர் ஆறுதலாக எதுவும் சொல்லமாட்டார். "ஆமா, கஷ்டந்தான். வா, சொல்லலாம்" என்று அந்தக் கட்டைவிரலால் அவர்கள் கையைப் பற்றிக்கொள்வார். அவர்கள் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு மெஷினுக்குப் போவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, கேட்கிற ஆள் ஒருவர் இருக்கத்தான் இருக்கிறாரோ என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்தது. நான் கோயில் குளம் என்று போகிறவன் இல்லை. தோன்றியபோது எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது.

அவர் மகள் பிளஸ் டூ முடித்தாள். கம்ப்யூட்டர் கிளாஸ் போக ஆசை. அதுவரைக்கும் வேலை பார்க்கலாம் என்று முதலாளியிடம் தானே வந்து கேட்டாள். அம்மா வேண்டாம் என்றிருக்கிறார், பெண் கேட்கவில்லை. முதலாளி அவளைப் பிரஸ்ஸில் போட்டார். முதல் நாள் காலை அவளுக்கு மெஷினைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நான். ஐந்தாம் நம்பர். அதற்கு மூன்றடி தள்ளித்தான் இன்ஸ்பெக்‌ஷன் மேஜை.

"இது கார்டு. இடுக்கிதான் உள்ள போகணும், கை போகக் கூடாது. இதைக் கழட்டணும்னு யார் சொன்னாலும், நானே சொன்னாலும், மெஷினை நிறுத்திட்டு எழுந்துடு" என்றேன்.

அந்தப் பெண் சிரித்தாள். கெட்ட பெண் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"பயப்படாதீங்க சார். நான் எங்கம்மா மாரி கெடயாது. கவனமா ஓட்டுவேன்."

மேஜையில் அவருடைய இடது கை ஒரு பிராக்கெட்டை எடுத்துக்கொண்டிருந்தது. அது அப்படியே நின்றது. அவர் தலை நிமிரவில்லை.  யார் எது சொன்னாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறவர், அன்றைக்குப் பேசாமல் இருந்தார். எத்தனை வருடம் இதை வீட்டில் கேட்டுக்கேட்டு இப்படி ஆகியிருப்பார் என்று எனக்கு உறைத்தது.

"உங்கம்மா கவனமாத்தான் இருந்தாங்க. கார்டைக் கழட்டினது நான்" என்றேன்.

மெஷின் சத்தத்தில் அந்தப் பெண்ணுக்குக் காதில் விழவில்லை. "இன்னா சார்?" என்றாள்.

ஏழு வருடம் கழித்து ஒருமுறை சொல்லிவிட்டேன். அதுவும் கேட்கவில்லை. இப்படியே விட்டுவிடலாம், வேறு எதையாவது சொல்லி மழுப்பிவிடலாம் என்று அந்த நொடியிலும் தோன்றியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிறகு கத்தினேன். "கார்டைக் கழட்டினது நான்! உங்கம்மா இல்ல! ரிப்போர்ட்ல நான் பொய் எழுதினேன்!"

பக்கத்து மெஷின்கள் இரண்டு நின்றன. அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் என்னாண்ட சொல்லல?"

"சொன்னேனே. ரெண்டு தபா சொன்னேன். 'உன் தப்ப மூடறதுக்கு அடுத்தவங்கள சொல்றே'ன்னு உங்கப்பா சொன்னதயே நீயும் சொன்னே. அப்பால சொல்லல."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கையுறையைக் கழற்றி மெஷின்மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். அவரும் எழுந்து பின்னாலேயே போனார். அன்றைக்கு இருவரும் திரும்பி வரவில்லை.

முதலாளி என்னை ரூமுக்குக் கூப்பிட்டு, எனக்குப் பைத்தியமா என்று கேட்டார். மாதக் கடைசியில் எனக்கு அங்கே வேலை இல்லை. இதை யாரும் தியாகம் என்று எண்ணிவிடக் கூடாது. எனக்குப் பதினைந்து நாளில் அம்பத்தூர்ப் பக்கம் வேறு வேலை கிடைத்துவிட்டது. எனக்குப் பத்து விரலும் இருந்தன. வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அன்னிக்கு அவங்க வந்து அழுதப்போ, நான் காபி போட்டுக் குடுத்து அனுப்பினேனே" என்றாள். அதற்கு மேல் இன்று வரை அதைப் பற்றி என்னிடம் அவள் பேசியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்திருப்பார் என்ற நேரத்தில், இரும்புலியூரில் அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததை நடந்தபடி ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு எடுத்துப்போயிருந்தேன். முறிந்து சேர்ந்த கை, எழுத்து கோணலாகத்தான் வந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. அந்தப் பெண் அம்மாவின் பின்னால் உட்கார்ந்து அவருக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பின்வாசல் பக்கம் போனாள். பேசவில்லை. அவள் பேச வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்து இந்தக் கையப் புடிச்சிகினு குந்திட்டா சார்" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "ஏழு வருசத்துல மொத தபா தொட்டா. எனக்கு வலியே தெரியல அன்னிக்கு. தேங்க்ஸ் சார்."

அந்த தேங்க்ஸ் என்னை அடித்ததைப்போல் அதற்கு முன்னும் பின்னும் எதுவும் அடித்ததில்லை. "என்னை மன்னிச்சுடுங்கம்மா" என்றேன். அவரை நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல்முறை.  அவர் என் கையிலிருந்த காகிதத்தைக் காட்டி, "படிங்க சார்" என்றார்.

படித்தேன். அவசர ஆர்டர், நான் கார்டைக் கழற்றியது, மெஷினின் கோளாறு எனக்குத் தெரியும் என்பது, பிறகு திரும்ப மாட்டியது, பொய்யாக எழுதியது, ஆஸ்பத்திரியில் கை பிடித்துக் கையெழுத்து வாங்கியது, எல்லாம் இருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"ஒன்னு வுட்டுட்டீங்களே சார்."

"என்னம்மா?"

"நீங்க அதக் கழட்டினப்ப நான் சொன்னேன்ல. 'சார், எனக்குப் பயமா கீது சார், வேணாம்'னு. அத எழுதல."

சொன்னார். அதை நான் மறந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. இந்தக் காகிதத்தை எழுதும்போது இரண்டு முறை பேனா அந்த இடத்துக்கு வந்து, சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"நீங்க அதுக்கு சிரிச்சீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். "எல்லாம் எழுதிட்டீங்கன்னா நானும் மன்னிச்சுட்டேன்னு சொல்ட்டுப் போவேன். இல்லன்னா சும்மா வாயால மட்டும் சொல்ற மாரி ஆயிடும்."

தரையில் உட்கார்ந்து, காகிதத்தை முட்டியின்மேல் வைத்துக்கொண்டு, கையெழுத்துக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் அவர் சொன்னதை எழுதினேன். பிறகு, நான் சிரித்ததையும் எழுதினேன்.